மாடசாமி பஸ்ஸின் ஒடுக்கு

மகள் தூங்கிவிட்டாள். அணைக்காமல் சார்ஜரில் விட்ட பழைய போனில் நம் பஸ் இன்னும் ஜங்ஷனில் உறுமிக்கொண்டு நிற்கிறது. போனின் முதுகு சுடுகிறது. சற்று நேரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து நீ கூப்பிடுகிறாய்.

"கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டே... பைய ஏறுங்க. ஊரு எங்கயும் ஓடிராது."

நீ என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது கரகரத்த தொண்டையுள்ள ஒரு கண்டக்டர். என் மகளுக்கு அது கண்டக்டர் மாமா. அணைக்க வேண்டும் என்று விரல் போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமலேயே அதைச் செய்தும்விட்டேன். செய்தது சரியா என்று இப்போது கேட்கிறேன். இந்த வரிசை தப்பு என்று நீ சிரிப்பாய்.

நாம் பழகியதே பஸ்ஸில்தான். நீ தச்சநல்லூரில் ஏறி வருவாய். நான் ஜங்ஷனில் ஏறுவேன். என் பை உன் மடிக்குப் போகும், உன் போன் என் கைக்கு வரும். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குள் நமக்குக் கணினி சொல்லித் தந்தார்கள். ஆனால் நாம் உருப்படியாகப் படித்ததெல்லாம் அந்தப் போனில் இருந்த பஸ் ஓட்டும் விளையாட்டால்தான். அதில் இருந்தவை எந்த ஊரிலோ ஓடுகிற வழுவழுப்பான பஸ்கள். ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது நீ கேட்டாய்:

"ஏட்டி, இதுல நம்ம பஸ்ஸு ஓடுனா எப்படி இருக்கும்?"

அப்படி ஓட்ட முடியும் என்று அப்புறம்தான் தெரிந்தது. விளையாட்டின் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் தாங்களே வண்டி செய்து அதில் சேர்க்கலாம். அதற்கு மோட் என்று பெயர். பெரும்பாலோர் தங்கள் வண்டியைப் பூட்டித்தான் வெளியிடுவார்கள். ஓட்டலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் யாரோ ஒருவர், எந்த நாடோ, தன் பஸ்ஸின் மூலக் கோப்புகளை எல்லாம் அப்படியே திறந்து போட்டிருந்தார். உடல், பெயிண்ட், சத்தம், நிரல், எல்லாம். அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் நீ நிரல் எழுதக் கற்றாய். நான் பஸ்ஸின் உடலைச் செய்யக் கற்றேன்.

நாம் ஏறிய பஸ்ஸில் இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால், தாம்பாளம் அளவுக்கு ஓர் ஒடுக்கு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வண்டியைச் செய்துகொண்டிருந்தேன். நீ குனிந்து பார்த்தாய்.

"ஒடுக்கு எங்க?"

"அது எதுக்குட்டி? அசிங்கமாயிரும்."

"அசிங்கமா இருந்தாத்தான் நம்ம பஸ்ஸு. இல்லைன்னா ஷோரூம் வண்டில்லா?"

ஆகவே ஒடுக்கை வைத்தேன். பெயிண்டில் வரைந்து ஏமாற்றவில்லை. தகட்டையே குழித்து, விளிம்பில் பெயிண்ட் உரிந்த கோடு வரைக்கும் செய்தேன். நிஜ பஸ்ஸை ஒருநாள் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தட்டிச் சரிசெய்துவிட்டார்கள். நம் பஸ்ஸில் மட்டும் அது நின்றது.

பஸ் பைத்தியங்களின் குழுவில் சேரும்போது மாடசாமி என்று பெயர் வைத்தது நீ. "பொம்பளப் பிள்ளைன்னு தெரிஞ்சா வண்டியப் பத்திப் பேச மாட்டானுவ, நம்மளப் பத்தித்தான் பேசுவானுவ" என்றாய். நம் பஸ்ஸை வெளியிட்டதும் ஒரே பாராட்டு. "ஏலே மாடசாமி, பிரேக் சத்தம் தத்ரூபம்வே." "அண்ணாச்சி சின்ன வயசுல கிளீனரா இருந்திருப்பாரு போல." "அண்ணாச்சிக்குக் கல்யாணம் ஆயிட்டா?" கடைசிக் கேள்விக்கு நீ, "பஸ்ஸக் கட்டிக்கிட்டு அழுதேன்லே" என்று பதில் போட்டாய். முருகன்குறிச்சி வரைக்கும் நாம் சிரித்ததில் முன் சீட்டு ஆச்சி திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

அந்தப் பஸ்ஸை நீ திறந்துதான் போட்டாய். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மறுபடி கொடுக்கலாம். எனக்கும் சரி என்றுதான் பட்டது, கோயம்புத்தூர் பஸ் வரும்வரை.

சிவப்புப் பெயிண்ட், நெற்றியில் காந்திபுரம், செய்தவர் பெயர் வேறு யாரோ. ஆனால் இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால், தாம்பாளம் அளவுக்கு நம் ஒடுக்கு. வண்டியை எடுத்தவருக்கு அது பெயிண்டில் இல்லை, தகட்டிலேயே இருக்கிறது என்பது தெரியவில்லை. மேலே சிவப்பை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைவிட எனக்குப் பொறுக்காதது, நாம் திறந்து கொடுத்ததை எடுத்து அவர் பூட்டி வைத்திருந்தார்.

"களவாணிப் பய! பாத்தியா, பாத்தியா?" என்று நான் கத்துகிறேன். நீயோ சீட்டிலிருந்து விழுகிற மாதிரி சிரிக்கிறாய்.

"ஏட்டி, நம்ம ஒடுக்கு கோயம்புத்தூருக்கே போயிட்டு! நாம இன்னும் மணியாச்சி தாண்டல."

"சிரிக்காத மூதி. இனிமே நாமளும் பூட்டணும்."

"அவன் பூட்டுனாம்னா நாமளும் பூட்டணுமா?"

"வீட்டுக்குக் கதவு வச்சிருக்கோமா இல்லியா?"

"இது வீடா? பஸ்ஸு. நம்ம டவுன் பஸ்ஸுல கதவ எங்கயாவது பாத்திருக்கியா?"

நீ சொன்னது வேடிக்கைக்குத்தான். இப்போது எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்த பிறகும் எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறேன். மகளின் போட்டோவை எங்கும் போடுவதில்லை. பூட்டுவதில் நான் தேறிவிட்டேன். ஆனாலும் கதவில்லாத அந்தப் பஸ்ஸில் படியருகே நின்றபோது வந்த காற்றை நினைத்தால், நான் சொன்னதே சரி என்று தைரியமாகச் சொல்ல வரவில்லை.

அடுத்த பதிப்பில்தான் கண்டக்டர் வந்தார். எங்கள் வீட்டில், எதிரொலி வராமல் இருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க உன் குரலைப் பதிந்தோம். எங்கிருந்து உனக்கு அந்த ராகம் வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் இழுத்து, கடைசியில் டக்கென்று வெட்டினாய். "ஊரு எங்கயும் ஓடிராது" என்று முதல்முறை சொன்னபோது நான் போர்வைக்குள் உருண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. பிறகு கணினியில் உன் சுருதியைக் கீழே இறக்கி, உன்னை ஆம்பிளையாக்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்:

"நல்லாக் கொறச்சிரு. எங்க அப்பா கேட்டாலும் தெரியப்படாது."

பெண் பிள்ளை இப்படி ஊர் கேட்கக் கூவலாமா என்று வீட்டில் சொல்வார்கள், அதற்குத்தான் பயப்படுகிறாய் என்று நினைத்தேன். நானும் அப்படித்தானே பயந்தேன்.

"இந்தத் தடவ பூட்டப் போறேன்" என்றேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். திறந்து வைப்பதைப் பற்றி அவ்வளவு பேசிய நீ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பூட்டு" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டிருக்கலாம். அப்போது நமக்கு நேரம் நிறைய இருந்தது.

அதன்பின் வேலை, என் கல்யாணம், மாடசாமி கணக்கின் பக்கமே நாம் போகாத நாட்கள். ஒரு மழைக்காலத்தில் நீ காய்ச்சல் என்று படுத்தாய். "ஒண்ணும் இல்லட்டி, பைய சரியாயிரும்" என்று போனில் சொன்னாய். ஆகவில்லை. மகளின் நெற்றி கொஞ்சம் சூடானாலும் நான் படுகிற பாட்டைப் பார்த்து வீட்டில் எல்லோரும் எரிச்சல்படுகிறார்கள். அவர்களுக்கு நான் எதுவும் விளக்குவதில்லை.

என் பழைய போனில் நம் பஸ்ஸைக் கண்டுபிடித்தது மகள்தான். ஓட்டத் தெரியாமல் சுவரிலும் மரத்திலும் முட்டி, கண்டக்டர் மாமா கூப்பிடுவதற்காகவே ஜங்ஷனில் நிறுத்தி வைப்பாள். போன் கிழடாகி, சார்ஜ் நிற்காமல் போனது. புதுப் போனில் விளையாட்டை இறக்கி நம் பஸ்ஸைச் சேர்த்தேன். 'இந்த வண்டி இந்தப் பதிப்பில் ஓடாது' என்று வந்தது. அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேறு வழி தெரியாமல் மாடசாமி கணக்கைத் திறந்தேன். ஒரு குரல் செய்தி காத்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாடசாமி அண்ணாச்சி. நமக்குக் காயல்பட்டினம், இப்ப துபாய்ல இருக்கேன். வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா ஜங்ஷன்ல இருந்து பாளைக்கு ஒரு நடை அடிச்சிட்டுத்தான் படுப்பேன். புதுப் பதிப்பு வந்த பொறவு நம்ம பஸ்ஸு ஓட மாட்டேங்குது. உங்களுக்கு நேரம் இல்லைன்னா சோர்ஸ் குடுங்க. இங்கன நாலஞ்சு பேரு இருக்கோம், சேந்து சரி பண்ணிருவோம், இன்ஷா அல்லாஹ். அந்தக் கண்டக்டரு, ஊரு எங்கயும் ஓடிராதும்பாருல்லா... அதக் கேக்காம ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி."

கேட்டதும் கொடுத்துவிடலாம் என்று மடிக்கணினியை எடுத்தேன். மூலக் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அப்போது ஒரு யோசனை வந்தது. கீழே இறக்கிய சுருதியை யார் வேண்டுமானாலும் மேலே ஏற்றலாமே? கண்டக்டரின் குரலை எடுத்து மெல்ல மேலே ஏற்றினேன். தொண்டையின் கரகரப்பு உரிந்து, உரிந்து, சட்டென்று நீ வந்துவிட்டாய். "முருகன்குறிச்சி" என்றாய். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

இத்தனை நாள் உன்னை மறைத்து வைத்திருந்தது நம் பூட்டு. அதைத் திறந்தால் நீயும் வெளியே வருவாய். ஒரு குரல் கிடைத்தால் அதைக் கொண்டு எதையும் பேச வைக்கிற காலம் இது. நாளைக்கு யாரோ உன்னை வைத்து அசிங்கமாக ஒன்று செய்து சுற்றவிட்டால்? சாதாரணக் கேலி வீடியோ என்றால்கூட என்னால் தாங்க முடியுமா? திறக்காமல் இருந்தால், பழைய போன் சாகிற அன்றைக்கு நம் பஸ்ஸும் சாகும். நானே புதுப் பதிப்புக்கு மாற்றிப் பார்த்தேன். எவ்வளவோ மாறியிருக்கிறது, எனக்கு எட்டவில்லை. நீ 'பூட்டு' என்றதைக் கேட்பதா, பஸ்ஸுக்குக் கதவு ஏது என்றதைக் கேட்பதா? இரண்டும் நீதானே?

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மகளைத் தூக்கிக்கொண்டு தச்சநல்லூர் பஸ்ஸில் ஏறினேன்.

உன் அப்பா வீட்டில் இருந்தார்கள். சந்தையில் வைத்திருந்த கமிஷன் கடையை விட்டாயிற்றாம். அவர்களை நான் அறிந்ததெல்லாம் பேசாத மனிதராகத்தான். நாம் வந்தால், "வா தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அன்றும் அதையே சொன்னார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே மகள் பழைய போனை எடுத்துப் பஸ்ஸைக் கிளப்பிவிட்டாள்.

"வண்டி எங்க போகுது தாயி?"

"பாளைக்கு. ஏறுங்க தாத்தா."

நீ கூப்பிட்டாய். அப்பா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார்கள்.

"இன்னொரு மட்டம் போடு."

மறுபடி கூப்பிட்டாய். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தப் பய என்ன மாதிரில்லா பேசுதான்! சந்தையில லாரிக்கு மூட்ட ஏத்தும்போது நான் சொல்லுததுல்லா இது. பைய ஏத்துங்கலே, ஊரு எங்கயும் ஓடிராதும்பேன். அந்த இழுப்பக் கூட விடல பாரேன். நம்ம சந்தைக்காரன் எவனோதான். அப்படியே களவாண்டிருக்கான் களவாணிப் பய."

அப்பா கேட்டாலும் தெரியக் கூடாது என்று நீ சொன்னது இதைத்தானா? பெண் குரல் என்று தெரிந்துவிடும் என்பதை அல்ல, அவர்கள் இழுப்பை எடுத்துக்கொண்டாய் என்பதைத்தானா? என் முகத்தைப் பார்த்து அப்பா சிரிப்பை நிறுத்தினார்கள்.

"யாரும்மா அது?"

"உங்க மகதாம்ப்பா."

அப்பா என் மகளின் கையிலிருந்து போனை வாங்கி, யாரோ அழைத்தது போலக் காதில் வைத்துக்கொண்டார்கள். பஸ் ஜங்ஷனில் நின்று உறுமியது.

"சந்தைப் பக்கமே வர மாட்டாளே அவ. சத்தம் ஆவாதும்பா. எப்பம்மா கேட்டா?"

எனக்கு என்ன தெரியும்?

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுருதியை ஏற்றினால் உன் குரல் வரும் என்பதையும், துபாயில் ஒருவர் கேட்பதையும். அப்பா முதலில், "வேண்டாம், பொம்பளப் பிள்ள குரலு" என்றார்கள். காப்பி குடித்துவிட்டு, "அந்தக் காயல்பட்டினத்துக்காரருக்கு மட்டும் குடு" என்றார்கள். வாசல்வரை வந்து, "அவரு வேற யாருக்கும் குடுத்துட்டாருன்னா?" என்றார்கள். கேட்டைத் திறந்துகொண்டே, "குடுத்தா நாலு பேரு கேப்பாவல்லா... குரலுக்கு என் பேரல்லா போடணும்" என்று பாதிச் சிரிப்பாக முடித்தார்கள். என்னைப் போலவே ஒருவரைப் பார்த்துவிட்டேன் என்பதைத் தவிர அங்கிருந்து நான் எதையும் கொண்டுவரவில்லை.

"அவ நெசக் குரல் எங்கிட்ட இருக்குப்பா. எப்ப வேணும்னாலும் கேக்கலாம்" என்றேன்.

"பைய கேக்கேன்" என்றார்கள்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். யாரோ ஒருவரின் நிரலைப் பார்த்து நீ படித்தாய். சந்தையிலிருந்து, கேட்காமல், அப்பாவின் இழுப்பை எடுத்தாய். கோயம்புத்தூர்க்காரர் நம்மிடம் எடுத்தார். கேட்காமல் எடுத்த நீதான் எடுத்தவரைப் பார்த்து அவ்வளவு சிரித்தாய். ஒருவேளை அதனால்தான் சிரித்தாய். ஒருவேளை அதனால்தான் 'பூட்டு' என்றும் சொன்னாய். இப்படி யோசித்தால் எல்லாம் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. பாலம் தாண்டியதும், இதை நானே இட்டுக்கட்டுகிறேன் என்றும் தோன்றுகிறது.

திறந்துவிட்டேன். காயல்பட்டினத்து அண்ணனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். யாருக்கு மட்டும் கொடுப்பது என்று வரம்பு கட்ட எனக்குத் தெரியவில்லை. ஒரே நிபந்தனைதான் எழுதினேன்: இதை எடுத்து மாற்றுபவர்கள், மாற்றியதையும் திறந்தே கொடுக்க வேண்டும். யார் அதை மதிப்பார்கள்? தெரியாது. இறக்கிய சுருதியில் கண்டக்டரின் குரல் அதில் போயிற்று; யாராவது ஏற்றினால் நீ வருவாய் என்று தெரிந்தேதான் போட்டேன். போர்வைக்குள் பதிந்த மூலம், உன் நிஜக் குரலும் என் சிரிப்பும், என்னிடமே இருக்கிறது. பாதி திறந்து பாதி பூட்டினால் அது திறந்ததாகுமா என்று குழுவில் ஒருவர் நியாயமாகவே கேட்டார். பெயர்கள் போடுகிற இடத்தில் மாடசாமி என்று மட்டும் இருக்கிறது. அப்பாவின் பெயரைப் போட்டால் உன் பெயரையும் போட வேண்டும். உன் பெயரைப் போடக் கை வரவில்லை.

கொஞ்ச நாளிலேயே சரிசெய்த பஸ் வந்துவிட்டது. "அண்ணாச்சி, வண்டி ஓடுது, அல்ஹம்துலில்லாஹ். கண்டக்டரும் ஏறிட்டாரு" என்று துபாயிலிருந்து குரல். புதுப் போனில் சேர்த்து மகளிடம் கொடுத்தேன். நீ கூப்பிட்டாய். அவள் முகம் மலர்ந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவள் போனை என் மடியில் வைத்துவிட்டாள்.

"இது நம்ம பஸ் இல்லம்மா."

பார்த்தேன். இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால், தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. சரிசெய்தவர்களில் ஒரு நல்ல மனிதர், பழைய பிழை என்று நினைத்து, நம் ஒடுக்கைத் தட்டி எடுத்துவிட்டிருக்கிறார். திருடியவர்கூட விட்டுவைத்ததை, உதவ வந்தவர் எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ இருந்தால் எதைச் செய்திருப்பாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் நிபந்தனையை மதித்திருந்தார்கள். புதுப் பஸ்ஸும் திறந்தே இருந்தது. எனவே இன்றைக்கு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தகட்டைக் குழித்தேன். கை மறந்திருந்தது. முதலில் ஆழம் கூடிவிட்டது. "அவ்வளவு இல்லம்மா" என்றாள் அவள். சரிசெய்தேன். பெயிண்ட் உரிந்த கோட்டை மட்டும் ஞாபகத்திலிருந்து போட வரவில்லை. பழைய போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அதனால்தான் அது இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது.

முடித்ததும் குழுவில் ஏற்றி, மாடசாமி பெயரில் எழுதினேன்: 'இந்த ஒடுக்கு பிழை அல்ல. விருப்பமில்லாதவர்கள் எடுத்துவிட்டு ஓட்டலாம்.' எழுதிய பிறகு அது உன் பேச்சு மாதிரி இருந்தது. எடுத்தால் மனசு வலிக்கும். அது என்னுடைய பேச்சு. அதை எழுதவில்லை.

கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இனி போனை அணைக்க வேண்டும். நாளைக் காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும். பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அவள் பின்னால் ஓடி, "விழுந்திராத, விழுந்திராத" என்று நான் கத்துவேன். அவள் வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, உன் அப்பாவிடமிருந்து நீ எடுத்து, உன்னிடமிருந்து அவள் எடுத்த அந்த இழுப்பிலேயே எனக்குச் சொல்வாள். தினமும் சொல்கிறாள்.

"பைய வாம்மா. ஊரு எங்கயும் ஓடிராது."